தகுதித் தொகை

மேலாளர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்:
"இருபத்து நாலு லட்சம் வரைக்கும்
உங்களுக்குத் தகுதி இருக்கு மேடம்."

பள்ளிக்கூடம் முடித்த பிறகு
யாரும் எனக்கு அந்தச் சொல்லைத் தந்ததில்லை.
ஒரு நிமிஷம்
நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் பதினாறு வருஷமாக
நகைக்கடன் சீட்டு எழுதுகிறவள் நான்.
ஆடியில் உள்ளே போகும் வளையல்
மாசியில் வெளியே வரும்.
சில வராது.
ஏல அறிவிப்பில் பெயர்களைத் தட்டச்சு செய்வதும் நான்தான்.
அவர்கள் எல்லோருக்கும் தகுதி இருந்தது.

இருபத்தோராயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
மாதாமாதம், இருபது வருஷம்.
என் சம்பளம் இருபத்தாறாயிரம்.
வேதரத்தினத்துக்கு மாதம் என்பதே கிடையாது.
அறுவடை மிஷின் ஓட்டுகிறார்.
குறுவைக்கு இருபது நாள், சம்பா தாளடிக்கு நாற்பது,
மணிக்கணக்கில் பேட்டா.
மழை பிடித்துக்கொண்டால் மிஷின் மேட்டில் நிற்கும்,
அவர் டீக்கடையில்.
மேட்டூர் திறக்காத வருஷம்
குறுவை காலண்டரில் மட்டும் வரும்.
வங்கிக்கோ
எல்லா மாதத்திலும் ஐந்தாம் தேதி இருக்கிறது.

ராத்திரி இலக்கியாவின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்தைத் திறந்தோம்.
வாடகை மிச்சமாகும், ஐயாயிரத்து ஐந்நூறு.
ஸ்கூல் வேன். கேஸ். பைக்குக்குப் பெட்ரோல்.
ஆவணியில் மூன்று கல்யாணம்.
மொய் நோட்டை எடுத்து
யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்தோம்,
அதுவும் கடன்தான், வட்டியை வாயால் கேட்பார்கள்.
அரிசியை எழுத மறந்துவிட்டோம்.
பிறகு ஓரத்தில் நுணுக்கிச் சேர்த்தோம்.
கடைசியில் நின்ற எண்ணுக்குக் கீழே
அவர் இரண்டு கோடு போட்டார்,
ஒரு கோடு போதாது என்பதுபோல.
"நோட்டு நாளைக்கு எனக்கு வேணும்" என்றாள் இலக்கியா.
தன் அறைக்கு வெளிர்பச்சை என்று
சுவரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை
பாமணியாற்றுக்கு அந்தப் பக்கம், மனைக்குப் போனோம்.
வெள்ளைக் கல் நட்டு மூன்று வருஷம் ஆகியும்
அது இன்னும் வயலாகவே இருந்தது,
நண்டு வளையும் வரப்பின் தடமுமாக.
பிளானைப் பார்த்துப் பார்த்து
இலக்கியா கோலமாவால் கோடு போட்டாள்.
ஹால், அடுப்படி, எங்கள் அறை, அவள் அறை.
ஆயிரம் சதுர அடி. வெயிலில்
எல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

அவள் அறைக்குள் நடந்துபோன வேதரத்தினம்
நடுவில் நின்றுவிட்டார்.
"இங்கதான் புதைஞ்சுது."
"என்னது?"
"மிஷின். இது சந்தானம் வயலா இருந்தப்ப, தாளடி அறுப்புல.
ரெண்டு டிராக்டர் கட்டி இழுத்தோம்."
குதிகாலால் அழுத்தினார்.
பள்ளத்தில் மெதுவாக நீர் ஊறி
கோலமாவு கரைந்தது.
இன்ஜினியரைப் போனில் பிடித்தோம்.
அந்த மூலைக்கு மட்டும் அடித்தளம் ஆழமாகப் போகணும்,
கூடுதலாக ஒண்ணே முக்கால் ஆகும் என்றார்.

யாரும் எதுவும் பேசவில்லை.
மண்ணுக்குத் தெரிந்ததைத்தான்
நோட்டும் முந்தாநாள் சொல்லியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இலக்கியா சொன்னாள்:
"ஹால்ல கிழக்கு ஜன்னல் எனக்கு.
கதவு வேணாம், ஸ்க்ரீன் போதும்.
ஆனா தட்டிட்டுத்தான் உள்ள வரணும்."
"ஸ்க்ரீனை எப்படிடி தட்டுறது?"
"டொக் டொக்னு வாயால சொல்லுங்க."
சிரிக்கவில்லை அவள். நாங்களும் சிரிக்கவில்லை.
அறுநூறு சதுர அடி என்று முடிவாயிற்று.

"பதினாலு போதும் சார்."
மேலாளர் என்னைப் பார்த்தது
இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தவளைப்
பந்தி விசாரிப்பவர் பார்ப்பதுபோல இருந்தது.
"பத்து லட்சத்தை விட்டுட்டுப் போறீங்களே!"

தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பேருந்தில்
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்:
பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது.
ஆனாலும் வடுவூர் தாண்டியதும்
சாலையோரத்துச் சிங்கப்பூர் வீடுகளின் மாடிகளை
மன்னார்குடி வரும்வரை
எண்ணிக்கொண்டேதான் வந்தேன்.