மயில்கழுத்து

செவ்வாய்க்கிழமை மதியம்
சோற்றில் கை இருக்கும்போது மெயில் வந்தது.
"உங்கள் பொருள் நீக்கப்பட்டது.
காரணம்: வனவிலங்கு உறுப்பு."

நான் விற்றது போர்வை.
சென்னிமலைத் தறியில் ஓடிய பருத்தி,
அறுபதுக்குத் தொண்ணூறு,
நானூற்றுப் பன்னிரண்டு பேர் நட்சத்திரம் போட்டது.
நிறம் என்ற கட்டத்தில்
மயில்கழுத்து என்று எழுதியிருந்தேன்.
எந்திரம் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

முதல் முறையீடு இரண்டே வரி:
"ஐயா, இது சாயம். இதில் மயில் இல்லை."
நாலு நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள்.
நூல் நனையவே
அதைவிட நேரம் ஆகும்.

இரண்டாவதற்கு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தேன்.
நூல் ரசீது, ஜிஎஸ்டி எண்,
சாயப்பட்டறை பில், தறியின் போட்டோ.
"எங்கள் பக்கம் நிறத்துக்குப் பெயர் இப்படித்தான்.
வெங்காயத்தோல் கலரை யாரும் உரிப்பதில்லை.
ராமர் பச்சையில் ராமர் இல்லை."
கடைசி வரியை அழித்தேன்,
இருக்கிற வம்பு போதும்.
கிளிப்பச்சையைப் பற்றி மூச்சே விடவில்லை.
அது இன்னும் விற்றுக்கொண்டிருந்தது.

பதில் வந்தது:
"வனத்துறைச் சான்றை இணைக்கவும்."

மறுநாள் பொங்கியண்ணன் வந்தார், கையில் கசங்கின தாள்.
எங்கள் தெருவில் பிரிண்டர் இருப்பது என்னிடம் மட்டும்.
"அம்மிணி, இதைச் சித்தெ அடிச்சுக் குடு."
அரை ஏக்கர் தக்காளி நாற்று,
அதற்கு முன்னே சோளம்,
அதற்கும் முன்னே நிலக்கடலை.
தின்றது எல்லாம் மயில்.
நஷ்டஈடு கேட்டுப் பதினோரு மாதம்.
"பரிசீலனைல இருக்குதுங்கறாங்க.
நாம என்னத்தக் கண்டோம்."

என் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி,
ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.
சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"சான்றுதான வேணும், நான் தாறனே.
எங்க தோட்டத்துல நாப்பது மயிலு,
நாப்பதுக்கும் கழுத்து இருக்குது,
காத்தால எண்ணீட்டுத்தான் வந்தேன்னு எழுது."

எழுதினேன்.
வெசனம் முற்றினால் அப்படித்தான் புத்தி போகும்.
அவர் பெயர், சர்வே எண், கையெழுத்து,
வரப்பில் மேயும் மயில்களின் படம் ஒன்று,
கழுத்து தெரியும்படி.
கீழே: இப்படிக்கு, கோகிலவாணி,
உரிமையாளர்.

ஒன்பதாம் நாள் போர்வை திரும்பி வந்தது.
"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றொரு வரி.
படித்தது ஆளா எந்திரமா தெரியாது.
எங்கோ ஒரு மேசையில்
ஒருத்தர் டீ புரையேறச் சிரித்திருக்கலாம்,
அதையும் தெரிவிக்க மாட்டார்கள்.
முதல் பக்கத்தில் இருந்த போர்வை
பதினேழாம் பக்கத்தில் கிடந்தது.
எண்பத்தாறு உருப்படி, தீபாவளிக்குப் பத்து நாள்.

சாயங்காலம் பொங்கியண்ணனின் மனுவை மறுபடி அடித்தேன்.
அனுப்புநர், பெறுநர், ஐயா.
பொருள் என்று அடித்து
இரண்டு புள்ளி வைத்ததும்
கை நின்றுவிட்டது.
அதற்குப் பக்கத்தில் மயில் என்று அடிக்க
சித்தெ பயமாக இருந்தது.

வெளியே தண்ணீர்த் தொட்டிமேல்
நாற்பதில் ஒன்று கத்தியது.
அடித்தேன்.