படகின் பின்பக்கம்

ஸ்காகனில் கட்டிய இரும்புப் படகை
பீட்டர்ஹெட்காரர் ஒருவர் வாங்கிவிட்டார்.
காகிதம் மாறி ஒன்பது நாள்.
பின்பக்கத்து எழுத்து மட்டும் மாறவில்லை.

எல்ஸ்பெத் தொங்குபலகையில் உட்கார்ந்து
சுரண்டுகிறாள்.
பற்றவைத்த எழுத்து, லேசில் போகாது.
அரவை மெஷின் 'எஸ்'ஸைத் தின்றுவிட்டு
'கே'யில் பல் உடைந்து நிற்கிறது.

ஹெயில் ஃப்ரம் என்பார்கள் இங்கே,
சொந்த ஊரைச் சொல்ல.
முன்பெல்லாம் கடலில் ஒரு பாய் தெரிந்தால்
கையைக் குவித்துக் கூவுவார்களாம்:
யாரது, எந்தத் துறை?
கூவலுக்கு வந்த பதில்தான்
பிறகு கரையேறி, சட்டை மாட்டி,
விருந்துகளில் நடமாடத் தொடங்கியது.
கூப்பிடு தூரத்துக்குள்தான்
ஒருவனுக்கு ஊர் இருந்திருக்கிறது.

க்வாபெனா பெட்டியோடு வருகிறான்.
துறைமுக ஆபீஸின் புதுப் பையன்
படிவத்திலிருந்து தலை தூக்குகிறான்.
எங்கிருந்து வருகிறாய்?
"ஐஸ் கிடங்கிலிருந்து."
இல்லை, எங்கிருந்து வருகிறாய்?
"ஓ, அதுவா. டேமா. கானா."

இவர்கள் பேச்சில்
வந்தேன் என்றால் ஐஸ் கிடங்கு, பஸ்,
நேற்றைய விமானம்.
வருகிறேன் என்றால் பிறப்பு.
பதினோரு வருடமாக இங்கே வலை இழுப்பவன்
டேமாவிலிருந்து
இன்னும் வந்துகொண்டே இருக்கிறான்.

என் மொழியிலோ
கிளம்புகிறவன்தான் வருகிறேன் என்பான்.
சொன்னேன்.
"அப்போ உங்கள் வாசலில் ஒரே குழப்பம்" என்றாள் எல்ஸ்பெத்,
திரும்பாமல்.
க்வாபெனா மட்டும் அந்தச் சொல்லை
இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மூன்று மணிக்கு ஆலங்கட்டி.
அதற்கும் ஹெயில் என்றே பெயர்.
ஈர வெள்ளையெங்கும் அம்மைத் தழும்பு.
எல்ஸ்பெத் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை பீட்டர்ஹெட் தயார்.
ஆறு எழுத்து இருந்த இடத்தில்
ஒன்பது, தோளோடு தோள் இடித்து.
சாய்ந்த வெயிலில் பார்த்தால்
பெயிண்டுக்கு அடியில் பழைய துறை
நரம்பாகப் புடைத்திருக்கிறது.
தூரத்தில் தெரியுமா? என்றார் முதலாளி.
தெரியாது.
கிட்டத்தில்?
அவள் டப்பாவை மூடினாள்.

கயிறு அவிழ்ந்தது.
சுவரைத் தாண்டும்போது
க்வாபெனா கையைக் குவித்துக் கத்தினான்,
பாதியைக் காற்று தின்றது போக:
"வர்றேன்!"

என்ன சொல்கிறான்? என்றாள் எல்ஸ்பெத்.
போகிறானாம், என்றேன்.