மஞ்சள்

ஷென்டன் வே, பதினெட்டாம் மாடி.
இன்று என் மேசைக்கு வந்த சரக்கு
நானூறு பெட்டி மை.
நகக்கண்ணில் ஒரு சொட்டு வைத்தால்
மூன்று வாரம் போகாதாம்.
பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மாறி
வடக்கே போகிறது,
தேர்தல் நடக்கும் என்று
நான்காம் முறையாகச் சொல்லியிருக்கும் நாட்டுக்கு.

கடலில் சிக்கலில்லை.
துறைமுகத்தில் இறங்கி
லாரி ஏறுகிற சாலைக்குத்தான்
நான் விலை சொல்ல வேண்டும்.
வரைபடத்தில் மாவட்டம் மாவட்டமாக வண்ணம் பூசுகிறேன்.
பச்சைக்குக் கையெழுத்து.
சிவப்புக்கு ஒரு வருத்தக் கடிதம்.
மஞ்சள் பூசினால் மட்டும்
பெங் ஹுவாட் நாற்காலியைத் திருப்பிக் கேட்பார்:
"எத்தனை விழுக்காடு மஞ்சள்?"
எங்கள் வீட்டில் மஞ்சள் என்றால் நல்ல காரியம்.
அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

கணக்குப் பிரிவு நந்தார் அந்த நாட்டுக்காரி.
சனிக்கிழமை பெனின்சுலா பிளாசாவில்
தேயிலைச் சாலட்டுக்கும் மீன் குழம்புக்கும் நடுவே
என் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள்.
கன்னத்தில் அரைத்துப் பூசிய சந்தனநிறப் பட்டைச்சாந்து
காய்ந்து வெடித்திருந்தது.
"இந்தப் பாலம் இப்போது இல்லை" என்றாள்.
"இந்தச் சோதனைச்சாவடி
காலை எட்டிலிருந்து ஐந்து வரை ராணுவத்துக்கு.
அப்புறம் பையன்களுக்கு.
இரண்டு பேரும் ரசீது தருவார்கள்."
ரசீதா?
"ஆமாம். முத்திரையோடு."
சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.
பக்கத்துக் கடையில் யாரோ
பணம் அனுப்ப வரிசையில் நின்று
தொலைபேசியை உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அக்கா பள்ளி ஆசிரியை.
வாக்குச்சாவடிப் பணிக்கு ஆணை வந்திருக்கிறது.
போகாவிட்டால் வேலை போகும்.
போனால்,
கதவிடுக்கில் இன்னொரு கடிதம் ஏற்கெனவே வந்திருக்கிறது,
அதில் முத்திரை இல்லை.
தம்பி எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
"தம்பி ஊரில் இல்லை" என்று
அவளாகவே சொன்னாள்.

என் படிவத்தில் கட்டங்கள் உண்டு:
சரக்கு. வாகனம். ஓட்டுநர்.
கிடங்கில் ஈரம்.
கலவரம், உள்நாட்டுப் போர், எலி.
மைப்புட்டியைத் திறந்து
மேசைக்குப் பின்னால் உட்காரப்போகிற ஒருத்திக்கு
கட்டம் தேடினேன்.
இரண்டாம் பக்கத்திலும் இல்லை.

போன தேர்தலில்
எங்கள் புளோக் எதிரே தொடக்கப்பள்ளிக்கூடத்தில்
ஏழு நிமிடத்தில் வாக்களித்துவிட்டு
புரோட்டா வாங்கிக்கொண்டு வந்தேன்.
வரிசை நீளம் என்று அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.
எங்கள் விரலில் யாரும் மை வைப்பதில்லை.
அதனாலோ என்னவோ,
மாதிரிக்கு வந்த புட்டியை
திங்கட்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனபின் திறந்தேன்.
இடது ஆள்காட்டி விரல்.
முதலில் ஊதா, பிறகு கறுப்பு.

அந்த மாவட்டத்தை மஞ்சள் என்றே பூசினேன்.
குறிப்பில் எழுதினேன்:
பாலம் இல்லை, படகு.
பகல் ஒருவர், இரவு ஒருவர்.
பெங் ஹுவாட் கேட்டதற்கு
"நாற்பது" என்றேன்.
எங்கிருந்து வந்த நாற்பது என்று அவர் கேட்கவில்லை.

புதன்கிழமை தேர்தலைத் தள்ளிவைத்தார்கள்.
நானூறு பெட்டியும்
பாசிர் பாஞ்சாங் முற்றத்தில் மழையில் நிற்கிறது.
நாள்வாடகை யார் கட்டுவது என்று
மின்னஞ்சல்கள் பறக்கின்றன.
அக்காவுக்கு நல்லதுதானே என்றேன் நந்தாரிடம்.
"ஆணை அப்படியே இருக்கிறது,
தேதிதான் இல்லை" என்று சொல்லி
கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எம்ஆர்டியில் கம்பியைப் பிடிக்கும்போது
சிலர் என் விரலைப் பார்க்கிறார்கள்.
கதவில் நசுங்கியது என்று நினைத்திருக்கலாம்.
நகம் வளர்ந்து
கறையை மெல்ல மேலே தள்ளுகிறது.
வெட்டுகிற இடத்துக்கு
இன்னும் வரவில்லை.