வடக்குச் சுவர்

தொண்ணூற்று நாலு படி.
வண்டி ஏறாத வீடு.
சிமெண்ட் மூட்டை, கண்ணாடி, குளியல் தொட்டி,
எல்லாம் எங்கள் தோளில்தான் ஏறின.
ஃபெலெட்டி தன் மொழியில் படிகளை எண்ணுவான்.
அறுபதாவதில் நின்று மூச்சு வாங்குவோம்,
அதற்குமேல் எண்ணிக்கை வசவாகிவிடும்.

வெலிங்டனில் சூரியன் வடக்கே நடக்கும்.
கட்டியவர்களுக்கு அது தெரியாதா என்ன?
தெரியும். ஆனாலும் தெரு தெற்கே இருந்தது.
வருகிறவர்களுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு
வெயிலுக்கு முதுகைக் கொடுத்து
உட்கார்ந்துவிட்டது வீடு.
முதுகுப்புறம் கரியறை, கழிப்பறை, சலவையறை.
நூறு வருஷத்து வெயிலும்
ஒரு சலவைத் தொட்டியின் விளிம்பில் காய்ந்தது.

"எல்லாத்தையும் திறந்துவிடுங்கள்" என்றான் லாக்லன்.
வரைபடத்தின் சுவர்கள்மேல்
சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி,
தப்பாய்ப் போட்ட கணக்குக்குப் போடுவதுபோல.
நைரி ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டி ஆலையில் அவளுக்கு இரவு வேலை.
காலை ஆறரைக்கு, புருவத்தில் மாவோடு,
நாங்கள் ஏறும்போது அவளும் ஏறுவாள்,
கையில் ஒரு பை மீந்த பன்.
பன்னுக்காகவே வேலையை இழுத்தோம் என்று
லாக்லன் சொல்லித் திரிந்தான்.
முழுப் பொய் இல்லை.

ரோஜாக் காகிதத்தை உரித்தால்
அடியில் இன்னொரு ரோஜா.
அதன் கீழே செய்தித்தாள்,
கீழே சாக்குத் துணி,
எல்லாவற்றுக்கும் பின்னால், தேன் நிறத்தில்,
ரீமு மரப் பலகை.
செய்தித்தாளில் ஆட்டு ரோமத்தின் விலை,
கப்பல் வரவு, பிறகு இது:
டிராமில் விட்ட குடை, பச்சைக் கைப்பிடி,
கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஐந்து ஷில்லிங்.
ஃபெலெட்டி சுவரின் பொந்துக்குள்
கைவிட்டுத் துழாவிப் பார்த்தான்.

ஜூன். அங்கே அது குளிர்காலம்.
இரும்பு உத்தரத்தை ஏற்றி முட்டுக் கொடுத்து
வடக்குச் சுவரை இறக்கினோம்.
தாழ நடக்கிற சூரியன்
அடுக்களை தாண்டி, கூடம் தாண்டி,
முன்வாசல் மிதியடிவரை ஒரே எட்டில் வந்தது.
துறைமுகம் நேராக உள்ளே வந்து நின்றது,
அழைக்காமல் வந்த சம்பந்தி மாதிரி.
ரம்பத்தை நிறுத்திவிட்டோம்.
தூசிகூட அன்று பார்க்க நன்றாயிருந்தது.

செப்டம்பரில் ஃபோன் வந்தது. நைரி.
கீழே, காரில் படுத்திருக்கிறாளாம்,
முகத்தின்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு.
"பகலில் தூங்க இடமில்லை எனக்கு."
திரை போடுவதுதானே என்றேன்.
"மூன்று போட்டாச்சு.
வெளிச்சம் எலி மாதிரி அடிவழியாக வருகிறது."
கொஞ்சம் பொறுத்து,
"நண்பர்கள் வந்து பார்த்துப் பார்த்துப் புகழ்கிறார்கள்.
நானும் கூடவே நின்று சிரிக்கிறேன்.
கண்ணை மூடினால் உள்ளேயும் வெள்ளையாயிருக்கிறது."

அந்த ரீமு பலகைகளை நான் தூக்கிப் போடவில்லை.
நல்ல எண்ணமெல்லாம் இல்லை,
மேசை செய்து விற்கலாம் என்றுதான்.
திரும்பவும் தொண்ணூற்று நாலு படி.
கரியறை இருந்த மூலையில்
ஏழடிக்கு நாலடி. ஜன்னல் இல்லை. ஒரு கதவு.
லாக்லன் டேப்பை இழுத்து இழுத்து அளந்தான்.
"இது படத்தில் இல்லையே" என்றான்.
பிறகு ஆணி அடிக்கையில்
பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அவன்தான்.

குடை விளம்பரத்தை உள்பக்கம் ஒட்டச் சொன்னாள்.
இருட்டில் எப்படிப் படிப்பாய் என்றேன்.
"படிப்பதற்கா?" என்றாள்.
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.
நாங்கள் காத்திருந்தோம்,
அளவு சரியா என்று சொல்வாளென்று.
சொல்லவில்லை.
கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது.
ஃபெலெட்டி சுத்தியலைத்
துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

பில் எழுதும்போதுதான் திணறினேன்.
ஜன்னலுக்கு விலை உண்டு, உத்தரத்துக்கு உண்டு.
பழைய பலகை, இனாம்.
ஆணி ஒரு பெட்டி. கூலி ஒன்றரை நாள்.
தலைப்பில் 'இருட்டு' என்று எழுதி,
அடித்து, 'அலமாரி' என்று மாற்றினேன்.

பணம் மறுநாளே வந்தது.
மிச்சக் கருவிகளை எடுக்கப் போனபோது
பன் பை வாசலில் இல்லை.
அறுபதாம் படியில் இருந்தது,
காற்றில் பறக்காமலிருக்க
மேலே ஒரு கல்.