தடைக்காலம்

ஏப்ரல் பதினான்கு நள்ளிரவோடு
மண்டபம் வடகடலில் விசைப்படகுகள் கட்டுக்கயிற்றில் நின்றுவிட்டன.
மறுநாள் காலை
லூர்து அம்மோனியா வால்வை மூடினான்.
பதினெட்டு வருடமாக இந்த ஐஸ் கம்பெனியின் மாடியில்தான் குடியிருக்கிறோம்.
கம்ப்ரசர் நின்றால்
வீடு ஓர் அங்குலம் கீழே இறங்கியதுபோல் இருக்கும்.

அறுபத்தொரு நாள்.
அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மதுரையிலிருந்து வில்வநாதன்
கேட்டுப்பார்க்கச் சொல்லி இரண்டு டிஏசி அனுப்பியிருந்தார்.
ஒன்று நாற்பதாயிரம். உள்ளே நகத்தளவு ஒரு சில்லு.
மற்றது ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
அதில் சில்லு கிடையாது;
மின்தடைகளை ஒன்றொன்றாய் அளந்து பொறுக்கி
அடுக்கிய ஏணி.
நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு முறை
எண்கள் அதில் ஏறி இறங்க,
கடைசிப் படியில் வயலின்.

விலையை ஐஸில் போட்டுப் பார்த்தேன்:
ஆயிரத்தைந்நூறு பார்.

"இதைவிட நுணுக்கமான பதிவெல்லாம் வந்தாச்சு,
இன்னும் சிடிதானா?" என்றார் போனில்.
வலைக்கண் இவ்வளவு போதும் சார்,
நம் காதுக்கு உள்ள மீன் எதுவும் தப்பாது.
தப்புகிற பொடியெல்லாம் வவ்வாலுக்கு.
மீனைச் சொல்லவில்லை, பறப்பதை.

உத்தரவாதச் சீட்டின் ஏழாவது பத்தி:
உப்புக்காற்றால் வரும் துரு இதில் சேராது.
இங்கே உப்பு சேராதது எது?
ஜன்னல் கம்பி, தையல் மெஷின்,
என் ரேஷன் அட்டை.

ஜெசிந்தா என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.
ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து
இரண்டையும் ஒரே சத்தத்தில் நிறுத்தியிருந்தேன்;
ஒரு மயிரிழை கூடினாலும்
காது அதைத்தான் உசத்தி என்று சொல்லும்,
ஏலத்தில் கத்துகிறவன் கைக்கே கூடை போவதுபோல.
நாணயம் சுண்டினாள். வயரை மாற்றினாள், சிலமுறை மாற்றவில்லை.
பத்தில் ஏழு சரி.
"ஏழு, இந்த நாணயத்துக்கே விழும்" என்றாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி.
ஏதோ ஒரு சபாவில் எப்போதோ பதிந்த சஹானா.
வில் நரம்பைத் தொடுவதற்கு முன்
யாரோ மூச்சை இழுக்கிறார்.
நாற்பதாயிரத்திலும் அந்த மூச்சு இருந்தது, பொய் சொல்லக்கூடாது.
ஏணியில் அதற்கு ஓர் இடம் இருந்தது:
இடதுபக்கம், அலமாரிக்குச் சற்றுப் பின்னால்,
சம்மணமிட்டு உட்கார்ந்தவர் உயரத்தில்.
மாத்திரை எடுக்க எழுந்த ஜெசிந்தா
அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
அங்கே அலமாரிதான் இருந்தது.

அதற்குமேல் நாணயம் சுண்டவில்லை.

ஜூன் எட்டாம் தேதி பணம் அனுப்பினேன்.
ஒன்பதாம் தேதி லூர்து வால்வைத் திறந்துவிட்டான்;
படகு போகிற நாளில் ஐஸ் கட்டியாகியிருக்க வேண்டுமே.
கம்ப்ரசரை முதலில் பாதம் கேட்டது,
பிறகு டம்ளர்,
பிறகு சுவர்.
சஹானாவைப் போட்டேன்.
வில் நேராக நரம்பிலிருந்தே ஆரம்பித்தது.

வில்வநாதன் கூப்பிட்டார்.
"எப்படி இருக்கு சார்? பின்னால என்ன மோட்டார் சத்தம்?"
"சோறு சார் அது" என்றேன்.

ஆனிக் காற்று பாம்பன் பக்கம் மரங்களைச் சாய்க்கும் இரவுகளில்
மின்தடை வருகிறது.
பெட்டிக்குள் இருப்பது அல்ல, ஊருக்கே வருவது.
கம்ப்ரசர் இரண்டு முறை இருமி நிற்கிறது.
கீழே எண்ணூறு பார் கிடக்கிறது.
மின்வாரியத்துக்குப் போன் செய்ய வேண்டியவன் நான்.
இன்வெர்ட்டரின் சின்னப் பச்சை விளக்கு மட்டும்.

"முதல்ல போனைப் போடுங்க" என்று
சொல்லிக்கொண்டே
ஜெசிந்தா பிளே பொத்தானை அழுத்துகிறாள்.