ரப்பர் வளையம்

இந்தப் பனிவண்டிக்கு ஓட்டுநர் இருவர்.
பகலுக்கு ரெய்யோ. இரவுக்கு நான், ஒய்லி.
பதினோரு குளிர்காலத்தில் நாங்கள் பேசியதை
ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிவிடலாம்.
அவன் இறங்கிப் போன பிறகுதான் ஏறுவேன்.
இருக்கையில் அவன் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்,
கதவுப் பையில் பிளாஸ்க்.

அது அவனுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல.
வண்டியினுடையது.
அடியில் வெள்ளைப் பெயின்டில் கம்பெனி எண்.
யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்றுண்டு:
இறங்குகிறவர் கழுவி,
ஏறுகிறவருக்குக் காபி நிரப்பி வைக்கணும்.

ஜனவரியில் ஒருநாள் மூடியைத் திருகினேன்.
காபி மணத்துக்குப் பின்னாலிருந்து
வேறொன்று தலை நீட்டியது.
புளிப்பு. காயாத துணி.
பால்!
காபிப் பாத்திரத்தில் பால் ஊற்றுகிறவனை
எந்தப் பனிமேட்டில் புதைப்பது?

ஸ்டியரிங்கில் சீட்டு ஒட்டினேன்:
"பிளாஸ்க்கில் பால் வேண்டாம்."
மறுநாள் சீட்டைக் காணோம்.
நாற்றம் இருந்தது.

ஞாயிறு, வண்டிக்கு ஓய்வு.
பிளாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
சோடா உப்பு இரண்டு கரண்டி,
கொதிநீர் கழுத்து வரை.
உள்ளே ஏதோ முணுமுணுத்தது.
ஒரு மணி நேரம் விட்டுக் கவிழ்த்தால்
பதினோரு வருஷக் காபி
பழுப்பாய்த் தொட்டிக்குள் இறங்குகிறது.
அப்புறம் ஒரு பிடி கஞ்சி அரிசி,
கொஞ்சம் தண்ணீர், விரலால் வாயை அடைத்து
கிலுகிலுப்பை போல் குலுக்கினேன்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
எஃகு வெளுத்துவிட்டது.
அடியில் என் முகம், கோணலாக.

நாற்றம் போகவில்லை.

விளக்கைக் கிட்டே இழுத்து
மூடியைப் புரட்டினேன்.
மீன் அரியும் கத்தியின் நுனியால் நெம்ப
ரப்பர் வளையம் கழன்று வந்தது.
அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில்
பால் காய்ந்து, மஞ்சளாகி,
கறுப்புப் புள்ளிகள் வைத்திருந்தது.
நான் வயிற்றையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.
கேடு இருந்ததோ
வாயை இறுக்கி மூடும் இடத்தில்.

பழைய பல் துலக்கி. வினிகர்.
வளையத்தை ஜன்னலோரம் துணியில் வைத்தேன்.
பிளாஸ்க்கைத் தலைகீழாக, மூடாமல்.
ஈரத்தோடு மூடினால் வெறும் தண்ணீரும் கெடும்.

திங்கள் இரவு, கதவுப் பையையும் துடைத்துவிடலாமென்று
கை விட்டேன்.
பாதி காலியான மாத்திரை அட்டை.
சொதன்குலா ஆஸ்பத்திரியின் தாள், நான்காய் மடித்தது.
குடல்புண். டிசம்பர் தேதி.
கீழே மருத்துவரின் கையெழுத்தில்,
இரண்டு கோடு இழுத்து:
காபி கூடாது.

அப்படியானால் டிசம்பரிலிருந்து
பகலெல்லாம் பாலைக் குடித்துவிட்டு,
சாயங்காலம் கொட்டகையில் பிளாஸ்க்கை அலசி,
தான் தொடக்கூடாத காபியை
ஒரு சொட்டும் ருசி பாராமல்
எனக்குக் காய்ச்சியிருக்கிறான்.
மூக்கில் ஆவி ஏறியிருக்குமே, பாவி.

தாளை நான்காகவே மடித்து வைத்தேன்.
கெலுயார்வி பாதையை இரண்டு தடவை வழித்தேன்,
ஒரு தடவை போதும் என்றாலும்.
விடியும்முன் புதுச் சீட்டு:
"பால் இருக்கட்டும்.
மூடியில் வளையம் உண்டு, கழற்றிக் கழுவு.
நன்றாகக் காயாமல் மூடாதே."

அன்று இரவு, மைனஸ் முப்பத்தொன்று.
கதவைத் திறந்தேன்.
இருக்கையில் பிளாஸ்க், படுத்த வாக்கில்,
ஹீட்டரைப் பார்த்து வாயைத் திறந்தபடி.
மூடி தனியே.
வளையம் ஒரு காகிதக் கைக்குட்டையின் நடுவே,
மோதிரம் போல.
முகர்ந்தேன். ரப்பர். வேறு எதுவுமில்லை.
உள்ளே விரல் விட்டேன்.
எலும்பாய்க் காய்ந்திருந்தது.

சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறான்,
நிரப்ப மனம் வரவில்லை போலும்.

இரவு முழுக்கக் கொட்டாவி விட்டபடி
பனியை ஒதுக்கிக்கொண்டே போனேன்.