திரைச்சீலை இல்லாத வீடு

எங்கள் சபையார் சன்னலுக்குத் திரை போடுவதில்லை.
அழகுக்குத் தொங்கும் துணி ஆணவம் என்றார்கள் முன்னோர்.
கழுத்துப்பட்டையும் அப்படித்தான்.
தொலைக்காட்சியும்.
என் அக்கா ஒருமுறை வாங்கிவந்து
மறுநாளே திருப்பிக்கொடுத்த சிவப்புக் காதணியும்.

அறுபத்தொரு வயதுவரை
பரிசுத்தம் என்பது
வீட்டில் இல்லாதவற்றின் பட்டியல் என்றே நினைத்திருந்தேன்.
என் பட்டியல் நீளம்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தோர்னியோ ஆறு உறையத் தொடங்கிய வாரம்
லெம்பி ஐந்து வண்டி விறகு கேட்டாள்.
அக்கரை தெரியும் மேட்டில் தனியாய் இருப்பவள்.
காய்ந்த பிர்ச் என்று சொல்லிக் கொடுத்தேன்.
காய்ந்தது மேலடுக்கு மட்டும்.
அடியில் கிடந்தது அந்தக் கோடையில் வெட்டியது,
பிளந்தால் உள்ளங்கையில் பிசுபிசுக்கும்.
எண்ணி வாங்கினேன், காய்ந்ததன் விலையை.
நோட்டுகள் நன்றாகக் காய்ந்திருந்தன.

பச்சை விறகுக்குப் பொய் சொல்லத் தெரியாது.
காற்றசையாத முப்பது டிகிரிக் குளிரில்
அவள் புகை கறுத்து, கனத்து,
மேலே போக வழி தெரியாமல்
கூரையிலேயே குந்தியிருக்கும்.
என் சமையலறைச் சன்னல் நேரே அதைத்தான் பார்க்கிறது.
ஒரு திரை போட்டால் என்ன என்று தோன்றியது.
போட முடியாது. நான் பரிசுத்தவான் அல்லவா.
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் சுவரைப் பார்த்துக் கஞ்சி குடித்தேன்.
சுவரில் ஓர் ஆணித்துளை.
அதற்கும் கண் முளைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் லெம்பி இருமினாள்.
பாட்டின் இரண்டாம் அடியில் ஒருமுறை,
பிரசங்கத்தின் நடுவில் நெடுநேரம்.
ஒருவரும் திரும்பவில்லை.
என்னை மட்டும் அது பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

செவ்வாய், இருட்டில்
(டிசம்பரில் இங்கே எல்லாமே இருட்டில்தான்)
இரண்டு கோடை வெயில் குடித்த என் சொந்த விறகைச்
சறுக்குவண்டியில் அடுக்கி இழுத்துப் போனேன்.
வழியெல்லாம் தயாரித்த வாக்கியங்கள்
மீசையிலேயே உறைந்துவிட்டன.
கதவு திறந்ததும்
"விறகு ஈரம்" என்றேன்.
"தெரியும் வில்ஹோ. முதல் கட்டையே நுரை தள்ளியது."
"ஏன் சொல்லவில்லை?"
"நீ சொல்வாயா என்று பார்த்தேன்."

பிறகு எங்கள் வழக்கப்படி
என் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு,
இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும்
உன் பாவம் மன்னிக்கப்பட்டது, நம்பு, என்றாள்.
ஆயிரம் தரம் கேட்ட சொற்கள்.
ஆயிரம் தரம் நானே பிறர் காதில் சொன்ன சொற்கள்.
அவள் கம்பளிச்சட்டையில்
என் விறகின் புகை நாறியது.

நான் தேம்பி முடிக்குமுன்
"பணத்தை மேசையில் வை" என்றாள்.
"ஏணி கொட்டகையில் இருக்கிறது.
குழாயில் தார் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்."

கூரையேறி, சங்கிலியில் தூரிகை கட்டி இறக்கினேன்.
கரி பொலபொலவென்று உதிர்ந்து
பனியெல்லாம், முகமெல்லாம், வாயெல்லாம்.
மூச்சு வாங்க நிமிர்ந்தபோது
கீழே என் வீடு தெரிந்தது.
திரையில்லாத சன்னல்.
அணைக்க மறந்த விளக்கு.
சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி.

மூன்று வாரமாய் அவள் பார்த்திருக்கிறாள்,
முதுகைக் காட்டி ஒருவன் கஞ்சி குடிப்பதை.

நகக்கண்ணில் கரி ஞாயிறுவரை போகவில்லை.
பாட்டுப்புத்தகத்தின் ஓரத்தில் பெருவிரல் ரேகை பதிந்தது.
பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது நாற்காலி சன்னலைப் பார்த்துக் கிடக்கிறது.
அவள் புகை வெள்ளையாய் நேரே ஏறுகிறது,
பெரும்பாலும்.
இன்று காலை கொஞ்சம் கறுத்திருக்கிறது.
ஈரக்கட்டை ஒன்று எங்கோ அடியில் தப்பியிருக்கும்.

கஞ்சி ஆறட்டும்.
கோட்டை எடுத்து மாட்டுகிறேன்.